மருமகனுக்கான ஜெபம்

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ஜெபம் பண்ணியவர் அருமைநாயகம், வீடும் அவருடையது.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுவிளை சபையில் அவரளவுக்கு உருக்கமாக ஜெபிக்க ஆள் கிடையாது என்று பேர். அன்றைக்கும் ஊருக்கு மழை கேட்டார், நோயாளிகளுக்குச் சுகம் கேட்டார், கடைசியில் மருமகனிடம் வந்து சேர்ந்தார்.

“ஆண்டவரே, இந்த வீட்டிலே ஒரு வாலிபனைச் சோம்பலின் ஆவி பிடித்திருக்கிறது. தேடி வருகிற வேலையை வேண்டாம் என்கிறான். அவனைத் தொடும் ஆண்டவரே.”

ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். அந்த வாலிபன், பொன்சிங், அடுத்த அறையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். வேன் ஓட்டுகிறவன். சில மாதங்களாக ராத்திரி சவாரிக்குப் போவதில்லை. ஆமென் சொன்னவர்களில் வேன் முதலாளியின் மனைவி லிடியாவும் உண்டு.

ஆட்கள் போனதும் மகள் எப்சி வந்து நின்றாள்.

“அப்பா, நாங்க திருப்பூருக்குப் போறோம். வீடு பாத்தாச்சு. மாசக் கடைசில கிளம்புதோம்.”

“நான் என்னம்மா செஞ்சேன்? ஏசினேனா? ஜெபந்தானே பண்ணினேன்.”

“ஏசியிருந்தா அவங்களும் பதிலுக்கு ஏசியிருப்பாங்க. ஜெபத்துக்கு என்னன்னு பதில் சொல்ல?”

மனைவி இறந்த பிறகு தனியாகக் கிடக்க முடியாமல், அருமைநாயகமே கெஞ்சிக் கூட்டிவந்த குடும்பம் அது. பேத்திக்கு இரண்டு வயது. தாத்தாவின் தட்டில் கை போடாமல் அவளுக்கு இட்லி இறங்காது.

சனிக்கிழமை காலை சபை ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போனார். சபையில் பிரசங்கம் பண்ணப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தவர் சபைக் குருவானவர் கிருபாகரன் ஐயர். சீடரைவிட இருபது வயது இளையவர்.

நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, “நான் செஞ்சதில தப்பு உண்டா ஐயரே?” என்று கேட்டார்.

“முதல்ல ஜெபிப்போம் அண்ணாச்சி,” என்று ஐயர் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, அருமைநாயகம் அண்ணாச்சியின் முழங்கால் வலியைப் பாரும். படியேற அவர் படும் பாட்டைப் பாரும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத அவருடைய பிடிவாதத்தை மன்னியும்.”

அருமைநாயகம் பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். ஆனாலும் ஆமென் வரைக்கும் பொறுத்தார்.

“எனக்கு முட்டு வலியே கிடையாதே ஐயரே.”

“நொண்டி நொண்டி வர்றீங்களே.”

“செருப்பு வார் கடிக்குது. அதுக்கு நொண்டுதேன்.”

“நான் ஒரு மாசமா ஜெபிக்கிறேன் அண்ணாச்சி. பெண்கள் ஐக்கிய சங்கத்துலயும் சொல்லி ஜெபிச்சோம்.”

“அதுக்குத்தான் மூணு வீட்ல இருந்து முடக்கத்தான் கீரை வந்துதா?”

“வந்திருக்கும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

ஐயர் வேதபுத்தகத்தை மூடி வைத்தார்.

“இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான் அண்ணாச்சி,” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பொன்சிங் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அருமைநாயகம் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு இன்னொரு சுற்று.

“மருமவனே, உங்களுக்காக நான் என்ன ஜெபம் பண்ணட்டும்?”

“இதுவரைக்கும் பண்ணினது போதாதா மாமா?”

“அது நானாப் பண்ணினது. இப்ப நீங்க சொல்லுங்க.”

பொன்சிங் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான்.

“சொன்னா வியாழக்கிழமை ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“தெரியாது.”

அவன் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை.

“ராத்திரி எதிர்ல வார வண்டி லைட்டு பூவா விரியுது மாமா. ரோடு தெரிய மாட்டேங்குது. பகல்ல ஒண்ணும் இல்ல. எப்சிக்கு மட்டுந்தான் தெரியும். முதலாளி காதுக்குப் போச்சுன்னா சாவியை வாங்கிருவாரு. டாக்டர்ட்ட போகவும் பயமா இருக்கு. அந்தப் பயம் போகணும். அதுக்கு ஜெபிங்க.”

அருமைநாயகம் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டம் கூடுதலாக இருந்தது. எப்சி திருப்பூர் போகிற செய்தி ஊருக்குள் போயிருந்தது. லிடியா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அருமைநாயகம் எழுந்து நின்றார். மழை கேட்டார். நோயாளிகளுக்குச் சுகம் கேட்டார். வழக்கமான இடத்துக்கு வந்தார்.

வாழ்நாளில் இப்படி ஒரு ஜெபக் குறிப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. இருட்டு, வெளிச்சம், ஒரு ஓட்டுநரின் கண். கேட்காமலே வசனங்கள் நாக்கில் வந்து நின்றன. வாயைத் திறந்தால் போதும், அறை முழுக்க அழுதுவிடும்.

வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. லிடியா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே,” என்று ஆரம்பித்தார். கூட்டம் முடிக்கிற ஜெபம் அது; எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியல போல,” என்றார் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே.

“முட்டு வலி ரொம்ப ஆகிட்டுதாம்,” என்றாள் லிடியா.

அன்றைக்குப் பொன்சிங் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மீன் துண்டு ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

சனிக்கிழமை குருமனையில் ஐயர் கேட்டார்: “மருமகன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன் ஐயரே.”

“கூட்டத்துல ஜெபிச்சீங்களா?”

“முடியல. வார்த்தையெல்லாம் வந்துது. சொல்ல முடியல. இத்தனை வருசத்துல இப்படி ஆனதில்ல.”

“அப்படி என்ன கேட்டார் மருமகன்?”

அருமைநாயகம் தரையைப் பார்த்தார்.

“நான் குருவானவர்தானே அண்ணாச்சி. சொன்னா நானும் ஜெபிப்பேனே.”



“அவர்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன் ஐயரே,” என்றார்.

ஐயர் எழுந்து, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஜெபம் பண்ணப் பழகிட்டீங்க அண்ணாச்சி,” என்றார்.

அருமைநாயகம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி திருநெல்வேலியில் பொன்சிங்குக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. முதலாளியிடம் முந்தின நாள் அவனே போய்ச் சொன்னான். ஆஸ்பத்திரியில் உடன் இருந்தவர்கள் எப்சியும் அருமைநாயகமும். திருப்பூரில் பார்த்து வைத்த வீட்டுக்கு அதற்குள் வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள்.