தங்கச்சியை ரொட்டியால துடைச்ச கதை

“படம்னா கண்ணு மூக்கு இருக்கணும். இவ என்னடான்னா மளிகை லிஸ்ட் மாதிரி எழுதி வெச்சிருக்கா!”

அப்படின்னு ஒருத்தன் கத்தறான். எங்கேன்னா, பிரான்ஸ் தேசத்துல, ஒரு ஆத்தங்கரை ஊர்ல. அங்கே எலோதின்னு ஒரு ஓவியக்காரி இருந்தா. கத்தறது அவ புருஷன் குஸ்தாவ். ‘ம்’ கொட்டிக்கிட்டே கேளு.

எலோதிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. எதிர்ல அவ தங்கச்சி லூசி உக்காந்திருக்கா. சாயங்கால ரயிலைப் பிடிச்சு, கப்பலேறி, கண்காணாத தேசத்துக்குக் குடித்தனம் போறா. இனி எப்போ பாக்கறதோ! வெயில் வேற நழுவுது. பெயின்ட் குழைக்க நேரம் ஏது? அதனால பென்சிலால சரக் சரக்குன்னு உருவத்தை இழுத்து, எங்கெங்க என்ன நிறம்னு அது மேலேயே அழுத்தி எழுதறா. தொப்பி நிழல்ல ஊதா, கழுத்துல ரோஸ், மடியில இலைப்பச்சை. அப்புறமா அதைப் பாத்துத்தான் படம் போடணும்.

அப்போ மாமியார் வந்தா. “மூக்கு எங்கடி?”

“வரும், அத்தை.”

அப்புறம் பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர் வந்தார். “பொம்பளைக் கைக்கு ரோஜாப்பூதாம்மா பொருத்தம்.” அவர் போடற ரோஜா முட்டைகோஸ் மாதிரி இருக்கும். அதை யார் சொல்றது? ம்?

அப்புறம் கூ...ன்னு ரயில். எலோதி தங்கச்சியை ஏத்திவிட ஓடினா. குஸ்தாவுக்குத் திடீர்னு பொண்டாட்டிக்கு உதவி பண்ணணும்னு ஆசை பொங்கிடுச்சு. அதுதான் ஆபத்து. அந்தக் காலத்துல பென்சிலை அழிக்க ரொட்டியோட நடுச்சதையை உருட்டித் தேய்ப்பாங்க. இவனும் பிச்சான், உருட்டினான், தேய் தேய்னு தேய்ச்சான். எழுத்தெல்லாம் போச்சு. போற போக்குல லூசியோட தோளும் போச்சு. மிச்ச ரொட்டியைத் தின்னுட்டான்.

திரும்பி வந்தவகிட்ட, “பாத்தியா, எவ்வளவு சுத்தம்!”

எலோதி அதைப் பிடுங்கினா. காகிதத்தை விளக்குக்குப் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சா. அழுத்தின பென்சில் பள்ளம் போட்டிருந்துது. ‘ஊதா’ங்கற எழுத்து தெரிஞ்சுது. இலைப்பச்சை தெரிஞ்சுது. கழுத்து மட்டும் தெரியலை. அதை ஸ்டேஷன்ல கட்டிப்பிடிச்சு அழுதப்போ பக்கத்துல பாத்த ஞாபகத்துல போட்டா.

அப்புறம் படத்தைப் பாக்க ஊரே திரண்டு வந்துது. குஸ்தாவ் நெஞ்சை நிமித்திக்கிட்டு, “ஸ்கெட்ச் ஒரே குப்பையா கிடந்துது, நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்”னான். எல்லாரும் அவனுக்குக் கை குடுத்தாங்க. டிராயிங் மாஸ்டர் ரெண்டு தடவை குடுத்தார்.

கதை அவ்வளவுதான், கண்ணை மூடு. என்ன, எலோதி சும்மா இருந்தாளாவா? கேட்டாளே. அவன் அடுத்த ஆளுக்குக் கை நீட்டத் திரும்பினப்போ, முதுகைப் பாத்துக் கேட்டா:

“ஏங்க, இனிமே என் மேஜைப் பக்கம் வராம இருக்கீங்களா?”