இருபதுக்கு இருபது

ஆறாம் வகுப்பில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு டீச்சரின் வாய் தெரிந்தாக வேண்டும். இன்னொருத்திக்கு அது மூடியே இருந்தாக வேண்டும். வகுப்பு ஒன்று, டீச்சரும் ஒருவர், ஜெயக்கொடி.

முதல் பெண் தர்ஷிகா. பிறவியிலேயே காது கேட்காது. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவள் அம்மா சாந்தாமணிக்கு பனியன் கம்பெனியில் வேலை. இரண்டாவது பெண் மிதுனா. பெருந்தொற்று வருவதற்கு முந்தின வருடம் அவளுக்கு அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காகத் தினமும் சாப்பிடுகிற மாத்திரை, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். அந்த வயதுக்குத் தடுப்பூசியும் அப்போது வரவில்லை. அவள் அப்பா குப்புராஜ் தறி ஓட்டுகிறவர்.

இருபது மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியைத் திறந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஜன்னல் ஒன்றையும் சாத்தக் கூடாது என்று உத்தரவு. காற்றில் தாள்கள் பறந்தபடி இருந்தன. குப்புராஜ் எழுந்தார்.

"டீச்சருங்க எல்லாரும் மாஸ்க் போட்டுத்தான் பாடம் நடத்தோணும். ஊசி போடாத பெத்தவங்க இனிமே கேட்டுக்கு வெளியவே நிக்கோணும்."

"ஏனுங்ணா, டீச்சர்தான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே," என்றார் சாந்தாமணி. "என்ற புள்ளைக்காகப் பாடம் நடத்தறப்ப மட்டும் கழட்டட்டுமே."

"ஊசி போட்டவங்களுக்கும் வருது அம்மிணி. நீங்க ஒண்ணுகூடப் போடாம, டீச்சர் வாயத் தொறக்கோணும்ங்கறீங்க."

"எனக்கு ஊசின்னா பயமுங்க. வாயத் தொறக்காம அப்புறம் என்னத்துக்குங்க டீச்சரு?"

சிலர் சிரித்தார்கள். குப்புராஜ் சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாந்தாமணி, வாய்க்கு நேராகக் கண்ணாடித் தாள் வைத்து ஒரு மாஸ்க் தைத்துக் கொண்டுவந்தார். மூன்று வார்த்தை பேசுவதற்குள் மூச்சுக்காற்று பட்டுத் தாள் வெளுத்துவிட்டது. கடைசியில் ஜெயக்கொடி, பெற்றோர் இரண்டு பேரிடமும் சொன்னார். "மிதுனா என் வகுப்புல இருக்கறவரைக்கும் நான் மாஸ்க்கைக் கழட்ட மாட்டேன். தர்ஷிகாவுக்காக எல்லாப் பாடத்தையும் போர்டுல எழுதிப் போட்டுடறேன்." மிதுனாவுக்கு ஜன்னலோரம், எல்லோருக்கும் முன்னால் தனி மேசை. ஆறடி விட்டு நேர் பின்னால் தர்ஷிகா.

ஆனால் சொல்வதெழுதல் என்று ஒன்று இருக்கிறது. அதை போர்டில் எழுதிப் போட முடியாது. முதல் இரண்டு வாரமும் தர்ஷிகா ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணை மட்டும் போட்டு வெறும் தாளைக் கொடுத்தாள். "அரையாண்டு வரைக்கும் பார்க்கலாம்," என்றார் தலைமையாசிரியர். "முடியலைன்னா கோயமுத்தூர்ல ஹாஸ்டலோட சிறப்புப் பள்ளி இருக்குதுங்க." சாந்தாமணி, மகளின் மூன்றாம் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மாஸ்க் இல்லாத காலம் அது. அதில் பதின்மூன்று, பதினான்கு மார்க் இருந்தது. மணி என்று சொன்னால் பணி என்று எழுதியிருந்தாள். பாலைக்கு மாலை, படிக்கு மடி. "இந்தளவாச்சும் எழுதீருவாளுங்க சார். தனியா விட்டா இருக்க மாட்டாளுங்க."

அதே சமயம் குப்புராஜுக்கு வேறொரு கவலை. மிதுனாவுக்கு வாரம் ஒரு நோட்டு தீர்ந்தது. புரட்டிப் பார்த்தார். பல பக்கங்களில் ஒரே ஒரு வார்த்தை, உள்ளங்கை அகல எழுத்தில். அந்த மாத்திரைக்குக் கை நடுக்கம் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கை நடுங்குதா கண்ணு?"

"இல்லப்பா."

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுங்கவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு மறுபடியும் நீட்டச் சொன்னார்.

அரையாண்டில் சொல்வதெழுதலுக்கு ஜெயக்கொடி மணி, பணி இரண்டையுமே கொடுத்திருந்தார். பாலையும் மாலையும் இருந்தன. தர்ஷிகாவுக்கு இருபதுக்கு இருபது. சாந்தாமணி கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். குப்புராஜ் தன் மிட்டாயைப் பிரிக்காமல் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"ஒதட்டப் பாக்காம இருபது எப்படிங்க வரும்? டீச்சர் கழட்டீட்டாங்க."

ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்கள்.

"கழட்டினீங்களா டீச்சர்?"

"இல்லைங்க சார்."

"அப்ப அந்தப் பொண்ணு எப்படி எழுதுச்சு?"

ஜெயக்கொடி மாஸ்க்கின் மேல் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை.

தெருப்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்ற சாந்தாமணி, "கழட்டியிருந்தா அவங்களக் கையெடுத்துக் கும்புடுவேனுங்க," என்றார். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்?" குப்புராஜ் மகளின் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தாள் கிழித்தார். மிதுனாவுக்கு டி.சி. வேண்டும் என்று எழுதி நீட்டினார். தாளின் மறுபக்கத்தில் பெரிய எழுத்தில் 'மணி' என்று இருந்தது. காற்றில் பறக்காமலிருக்கத் தலைமையாசிரியர் அதன் மேல் ஒரு கல்லை வைத்தார். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் வாக்குத் தவறினாரா? தவறவில்லை என்றால் அந்த இருபது எங்கிருந்து வந்தது? அவர் ஏன் பேசாமல் நின்றார்?

விடை: தவறவில்லை. அதற்குச் சாட்சி அந்த இருபதுதான். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டிப் பிரியும். டீச்சரின் உதட்டைப் பார்த்து எழுதியிருந்தால் தர்ஷிகா மூன்றாம் வகுப்பில் செய்தது போலவே மணியையும் பணியையும் மாற்றியிருப்பாள். அவள் பார்த்தது எழுத்தை. டீச்சர் சொல்லச் சொல்ல மிதுனா பக்கத்துக்கு ஒரு வார்த்தையாகப் பெரிதாக எழுதி, ஆறடி தள்ளி இருப்பவளுக்குத் தெரிகிற மாதிரி தோளுக்கு மேல் பிடித்தாள். ஜெயக்கொடிக்கு அது மூன்றாம் வாரமே தெரியும். சொல்லியிருந்தால் அவர் பேர் தப்பியிருக்கும். பார்த்து எழுதினாள் என்று தர்ஷிகாவின் மார்க் போயிருக்கும், அவள் கோயமுத்தூருக்குப் போயிருப்பாள். பேசாமல் நின்றது சரியா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மிதுனா எந்தப் பள்ளிக்குப் போனாலும் டீச்சர்கள் மாஸ்க் போட்டிருப்பார்கள். அடுத்த சொல்வதெழுதலில் தர்ஷிகாவுக்கு முன்னால் ஒரு காலி மேசை இருக்கும்.