நரி கை தட்டிய கச்சேரி

ஏலத்தோட்டத்தை ஒட்டிய காட்டில் துள்ளி என்றொரு இளம் அணில் இருந்தது. அதற்குப் பியானோ என்றால் உயிர்.

தோட்டத்து பங்களாக்காரர்கள் வீட்டைக் காலி செய்தபோது, ஓடையைத் தாண்டித் தூக்கிப் போக முடியாமல் தங்கள் பியானோவை ஓடைக்கரையிலேயே விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் வாசித்ததையெல்லாம் கூரையில் உட்கார்ந்து கேட்ட துள்ளி, நான்கு காலாலும் கட்டைக்குக் கட்டை தாவி வாசிக்கப் பழகிக்கொண்டது. கனத்த ஒலி வேண்டுமென்றால் இடது கோடிக்கு ஓடி எம்பிக் குதிக்க வேண்டும். லேசான வேலையா அது!

ஆனால் காட்டுப்பன்றிக்கு அந்தப் பெட்டி கண்ணை உறுத்தியது.

"மழை வந்தா ஓடையைத் தாண்ட முடியல. இதைக் கவுத்துப் போட்டா நல்ல பாலமாச்சே!" என்றது.

துள்ளி பதறிப்போய் யானையம்மாவிடம் ஓடியது. அந்தக் காட்டில் யானையம்மா சொன்னால் சொன்னதுதான்.

"நாளைக்கு ஒரு கச்சேரி வை. வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் கை தட்டினா பெட்டி உனக்கு. தட்டலேன்னா பாலம்!" என்றது யானையம்மா.

மறுநாள் காடே ஓடைக்கரையில் கூடிவிட்டது. முயலுக்கு ஒரு சந்தேகம். "எப்போ தட்டணும்?"

நரி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டது. "என்னைப் பாத்துத் தட்டுங்க! நான் பட்டணத்து சபாவெல்லாம் பாத்தவன்!"

பாவம், அது பார்த்ததெல்லாம் சபா கேண்டீனின் குப்பைத்தொட்டி மட்டும்தான்.

துள்ளி வாசிக்கத் தொடங்கியது. முதல் பகுதி மழை பிடித்துக்கொண்டதுபோல் படபடவென்று பொழிந்து நின்றது. அடுத்த பகுதிக்கு மனத்தை அமைதிப்படுத்தத் துள்ளி கண்ணை மூடி அசையாமல் நின்றது. பங்களாப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள்.

"பலே! பிரமாதம்!" என்று நரி குதித்தது. கூட்டம் முழுவதும் தட்டித் தீர்த்தது. திடுக்கிட்ட துள்ளிக்குக் கால் வழுக்கியது.

"இன்னும் முடியலைங்க!" என்றது மெல்லிய குரலில்.

நரிக்கு முகம் தொங்கிப்போனது. அதற்காக வாயை மூடிக்கொண்டதா? "எனக்குத் தெரியாதா? உங்களைச் சோதிச்சுப் பாத்தேன்!" என்றது.

இரண்டாம் பகுதியில் துள்ளி கட்டைகள்மேல் மெதுவாக நடந்தது. மான் அழுதேவிட்டது. மறுபடி அமைதி வந்ததும் நரி எல்லோரையும் முறைத்தது. "உஷ்! யாரும் தட்டக்கூடாது!"

மூன்றாம் பகுதியில் துள்ளி ஓடியது, புரண்டது, பறந்தது. கடைசியில் இடது கோடியில் ஓங்கி ஒரு குதி குதித்து, அப்படியே கட்டைமேல் படுத்துவிட்டது. மூச்சு இரைத்தது.

கைகள் பரபரத்தன. ஆனால் நரி, "உஷ்! இன்னும் பாக்கி இருக்கு!" என்று அதட்டியது. ஒருவரும் தட்டவில்லை.

துள்ளியின் கண் நிறைந்தது. 'யாருக்குமே பிடிக்கவில்லை!'

"தட்டல! ஒருத்தரும் தட்டல! பெட்டி எனக்கு!" என்று காட்டுப்பன்றி பியானோவுக்கு அடியில் மூக்கை நுழைத்தது. பியானோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நில்லுடா!" என்று எழுந்தது யானையம்மா. "எனக்கு இந்தச் சங்கதியெல்லாம் ஒண்ணும் தெரியாது. வாசிச்சவளையே கேட்டுடறேன். துள்ளி, முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு, யானையம்மா" என்று விசும்பியது துள்ளி.

"அடக் கண்ணே! அதை முன்னாடியே கேட்டிருக்கலாமே!"

யானையம்மா தன் இரண்டு காதுகளையும் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. அவ்வளவுதான்! அடக்கிவைத்திருந்த கைதட்டலெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது. மரத்திலிருந்த பழங்கள்கூடப் பொலபொலவென்று உதிர்ந்தன. காட்டுப்பன்றியும் மூக்கை வெளியே எடுத்து, "அந்த மெதுவான பகுதி எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது" என்று அசடு வழிந்தது. காட்டில் விழுந்து கிடந்த மரமொன்றை யானையம்மா இழுத்துவந்து, பன்றிக்குப் பாலமாக ஓடைமேல் போட்டுக் கொடுத்தது.

"நானும் இப்பத்தான் தட்டலாம்னு சொல்ல வந்தேன்" என்றது நரி. அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் துள்ளியைத் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

தெரியாத விஷயத்தில் தெரிந்தவர்போல் நடித்துப் பிறரையும் கெடுப்பதைவிட, தெரியாது என்று சொல்லி வாய்விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது.