கோட்டைத் தாண்டாத முதலாளி

ஐப்பசிக் கடைசியில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய காலையில், தோணி முதலாளி தங்கவேலாயுதம் தம் ஆட்களைக் கரையில் நிறுத்தினார். பருத்தி மூட்டைகளோடு அன்றே கொழும்புக்குப் புறப்பட வேண்டும்; மறுப்பவனுக்கு அந்தத் துறையில் எந்தத் தோணியிலும் இடமில்லை என்றார். ஆண்டுதோறும் சடுகுடுப் போட்டிக்குக் கோப்பை கொடுப்பவர் அவர்.

"சடுகுடுவப் பாருங்கல. ஏழு பேருக்குள்ள ஒத்தையா ஒருத்தன் போறான். அந்தத் துணிச்சல்தாம்ல வியாபாரம்."

தோணியை நடத்தும் தண்டலே பாயை அவிழ்க்கத் திரும்பினார். தோணியில் சோறாக்கும் இஞ்ஞாசி, பேர்பெற்ற சடுகுடுக்காரன், பணிவாகக் கேட்டான்.

"அப்போ சடுகுடு விதிப்படியே போவமா, மொதலாளி?"

"விதிப்படியேதாம்ல."

"பாடிப் போறவன், திரும்பி வர மூச்சு இருக்கான்னு பாத்துட்டுத்தான் போவான். பிடிபட்டா அவந்தான் வெளிய ஒக்காரணும். பாக்க வந்தவனுக்காக எவனும் அவுட்டானதில்ல. இங்க துணிஞ்சது நீங்க. ஏறுங்க, ஒங்களுக்கும் சேத்து ஒல வச்சிருக்கேன்."

துறையே பார்த்திருக்க, முதலாளிக்கு வயிற்றுவலி கண்டது. தோணி கரையிலேயே நின்றது. அன்று புறப்பட்ட வேறு இரண்டு தோணிகள் திரும்பவேயில்லை.

தை மாதம் வணிகர் சங்க மேடையில், திரும்பும் மூச்சை அளந்த பிறகே கோட்டைத் தாண்டும் பாடத்தைச் சடுகுடுவில் தாம் கற்றதாகத் தங்கவேலாயுதம் முழங்கினார்; அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். இஞ்ஞாசியை அவர் ஐப்பசியிலேயே நீக்கியிருந்தார். அவனுக்கு மீண்டும் தோணி கிடைத்ததாகக் கதையை முடிப்போர் கடலறியாத உள்நாட்டு ஊர்களில் உண்டு. துறையில் அப்படி முடிப்பார் எவருமில்லை.