செண்பகத்தின் பச்சை

“டீச்சர், என் ஷீட்டைவிட அவ ஷீட்டுல பச்சை அதிகமா இருக்கு,” என்றாள் பூங்கோதை.

ஸ்டெல்லா டீச்சர் நிமிரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள். வயதில் பூங்கோதைக்குச் சின்னவள். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவள் டீச்சர்தானே.

அவ என்றால் செண்பகவல்லி. பூங்கோதையின் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. இரண்டு பேரும் இதே டீச்சரிடம்தான் எக்செல் கற்றுக்கொண்டார்கள்.

கரண்ட் பில்லுக்கு ஒரு வரி. இன்சூரன்ஸுக்கு ஒரு வரி. ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு வரி. பக்கத்தில் கடைசித் தேதி. கட்டாதது சிவப்பு, கட்டினால் பச்சை.

செண்பகத்தின் ஷீட் நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மாமியார் அதைக் காட்டினாள். சின்னவளுக்கு என்ன பொறுப்பு என்றாள். பெரியவள் பூங்கோதை காபி கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

அன்றைக்குக் காபியில் சர்க்கரை இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, அது அவளுக்கே வெளிச்சம்.

“எனக்கு மட்டும் ஏதோ ஒண்ணைச் சொல்லிக்குடுக்காம விட்டுட்டீங்க.”

“அவங்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொன்னேன்க்கா.”

“அப்புறம் எப்படி அவளுக்கு மட்டும் பச்சை?”

“கட்டுறாங்க. மாத்துறாங்க.”

இந்தப் பதில் பூங்கோதைக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். உலை கொதிக்கிற நேரத்தில் போனைத் திறந்து, சிவப்பையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக்கினாள். கட்டிய பிறகுதான் மாற்ற வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எப்படியும் கட்டத்தானே போகிறோம்.

கடைசியில் ஒரு வரி மிச்சம். நகைக்கடன்.

அவள் அம்மா போட்ட வளையல்கள் அவை. மூத்த மகளை ஸ்கூலில் சேர்க்க பேங்கில் வைத்தது. தேதிக்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்காவிட்டால் ஏலம் என்று கடுதாசியே வந்துவிட்டது. வட்டிப் பணத்தை அடகுச் சீட்டோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். போய்க் கட்டத்தான் ஒழியவில்லை.

அதையும் பச்சையாக்கினாள்.

மேலே ஒரு ரோஜாப்பூ வைத்தாள். போதவில்லை என்று பக்கத்தில் ஒரு மயிலும் வைத்தாள். மாமியாரிடம் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, வெகுநேரம் பார்த்துவிட்டு, மயில் நல்லாயிருக்கு என்றாள்.

மறுவாரம் டீச்சரிடம் வந்தாள்.

“இப்பச் சொல்லுங்க. யாருது பச்சை?”

டீச்சர் ஷீட்டைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அக்கா, செண்பகம் அக்காவோட கடைசித் தேதியெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

தெரியுமாவா? பூங்கோதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி, வண்டி டியூ எந்தத் தேதி, சீட்டு எந்தத் தேதி. போன மாசம் கடைசி நாள் மத்தியானம்வரை செண்பகம் டியூ கட்டாததையும், எங்கே தவறப் போகிறாளோ என்று தான் வேலையை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததையும்கூடச் சொன்னாள்.

“உங்களோடது?”

“அதுக்குத்தானே ஷீட் இருக்கு.”

உள்ளே பானையில் தண்ணீர் இருக்கிறது, குடித்துவிட்டு வாருங்கள் என்றாள் டீச்சர்.

குடித்துவிட்டு வந்தால் திரையில் வேறொரு ஷீட். பூ இல்லை, மயில் இல்லை, நிறமே இல்லை. வெறும் வெள்ளையில் வரிகள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. மேலே பெயர்: செண்பகவல்லி.

முதல் வரி, நகைக்கடன். கடைசித் தேதி, இன்றைக்கு.

பூங்கோதைக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது.

“இன்னைக்கா? இன்னும் கட்டலையா அவ?”

“கட்டலை போலிருக்கு.”

“நான் வரும்போது துணி துவைச்சிட்டிருந்தா டீச்சர். சுத்தமா மறந்துட்டா. போகட்டும், ஏலத்துக்கே போகட்டும். ஊரெல்லாம் காட்டினாங்களே, இனி இதையும் காட்டட்டும்.”

டீச்சர் மணியைப் பார்த்தாள்.

காலையில் கிணற்றடியில் துணியை அடித்துத் துவைக்கும்போது செண்பகத்தின் கையில் வளையல்கள் கலகலவென்றது ஞாபகம் வந்தது. அவளுடைய நகை எதுவும் வீட்டைவிட்டு வெளியே போனதில்லையே.

சேலைத் தலைப்பைச் சரிசெய்யத் தூக்கிய கை அப்படியே நின்றது.

அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவளுடைய செருப்பு இரண்டும் ஏற்கெனவே படியைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.