திரு. டெஸ்ட் டெஸ்ட்டின் பயணங்கள்

"எல்லாத்தையும் சோதிச்சுட்டேன் மேடம். எல்லாம் பாஸ். அப்புறமும் ஜனங்க ஏன் திட்டுறாங்க?" என்று கேட்டார் தணிகாசலம்.

கேட்ட இடம் ஆசிரமம் அல்ல. பெருங்குடியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் ஐந்தாம் மாடி. ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட் பதிவுத் தளத்தை அங்கேதான் சோதித்து அனுப்புகிறார்கள்.

கேட்கப்பட்டவர் சகாயராணி, சோதனைப் பிரிவின் தலைவி. தணிகாசலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார் என்பதால் அவரைக் குரு என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் உண்மையாகவே ஆகிவிட்டது.

"யாரை அனுப்பிச் சோதிச்சீங்க சார்?"

"வழக்கம்போல திரு. டெஸ்ட் டெஸ்ட்தான்."

அந்தப் பெயரில் ஒரு பயணியைக் கற்பனையாக உருவாக்கி, நாளெல்லாம் டிக்கெட் போடுவது அவர்கள் வழக்கம். அந்த மனிதர் போகாத ஊரில்லை.

"அவர் எங்கயாவது மாட்டிக்கிட்டாரா?"

"கடைசிப் பக்கத்துல சில நேரம் 'நேரம் முடிந்தது'ன்னு வந்து முதல் பக்கத்துக்கே போயிடுது. மறுபடி போட்டா சரியாகிடுது. அதனால பாஸ் போட்டுட்டேன்."

சகாயராணி நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"டெஸ்ட் டெஸ்ட் போய் இறங்கினதும், கூட்டிட்டுப் போக யார் வந்தாங்க?"

தணிகாசலம் சிரித்தார். சகாயராணி சிரிக்கவில்லை.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி தணிகாசலத்தை விடவில்லை. டெஸ்ட் டெஸ்ட்டுக்கு யாரும் இல்லை, சரி. தனக்கு யார் இருக்கிறார்கள்?

தோஹாவில் ஒருத்தி இருக்கிறாள். மகள் எழில். தாயில்லாத பெண், தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். "உள்ள போறதுக்கு முன்னாடி உன்ன ஒரு தடவ பாத்துடணும்பா" என்று தினமும் ஃபோனில் சொல்கிறாள். இவரோ தளத்தின் வேலை முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவளைப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் அன்று மதியம் பொறுக்க முடியாததாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார்.

'இன்னிக்கு டிக்கெட் போடுறேன்மா' என்று மகளுக்குச் செய்தி அனுப்பினார். பிறகு, ஊர் உலகம் நுழையும் அதே வழியாகத் தளத்துக்குள் நுழைந்தார். பயணி பெயர் என்ற கட்டத்தில் முதன்முறையாகத் தன் பெயரை அடித்தார்.

விடுமுறைக் கூட்டம். வெள்ளிக்கு முன்னால் போய்ச்சேர ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம் இருந்தது. அதை அமுக்கும்போதே மனசு தோஹாவில் இறங்கி அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டது.

ஓடிபி வந்தது. போட்டார்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

'உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் தொடங்கவும்.'

மீண்டும் தொடங்கினார். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எல்லாம் முதலிலிருந்து. அவசரத்தில் எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். இந்த முறை தளம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

'இருக்கைகள் இல்லை' என்றது.

எப்போது வந்தாரோ, சகாயராணி பின்னால் நின்றிருந்தார். திரையைப் பார்த்தார்.

"பாஸா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. எழில்.

"அப்பா, டிக்கெட் போட்டுட்டியா? எந்த ஃப்ளைட்டுன்னு மட்டும் சொல்லுப்பா. உன் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலன்னாலும் பரவாயில்ல, வயித்தத் தூக்கிக்கிட்டு நானே ஏர்போர்ட் வாசல்ல வந்து நிப்பேன்."

கூட்டிட்டுப் போக யார் என்ற குருவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. டிக்கெட்தான் கிடைக்கவில்லை.