வண்ணச் சிலுவை யார் கைவேலை?

முன்னொரு காலத்தில் கடலோரச் சீமை ஒன்றை மகரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் தேர் செய்யச் சொல்வான். மாலையில் அதையே தொட்டிலாக்கச் சொல்வான். அப்படிப்பட்ட புத்தி!

ஒருநாள் கப்பல் வணிகர் ஒருவர் அவனிடம் ஒரு செம்புச் சிலுவையைக் காட்டினார். செம்பில் குழி வெட்டி, கண்ணாடிப் பொடி நிரப்பி, சூளையில் உருக்கிய வண்ணவேலை. ராஜாவுக்கு ஆசை தலைக்கேறியது.

"இதைவிட அழகாகச் செய்பவர் கேட்டதைத் தருவேன்!" என்று பறையறைவித்தான்.

கடற்கரையில் செம்புவேலை செய்த தெக்லாள் அதைக் கேட்டாள். சிலுவையை வணங்கும் அவளுடைய ஜனங்களுக்குக் கோயில் கட்ட ஒரு சாண் மனையில்லை. மூன்று மாதம் கண் எரிய உழைத்துச் சிலுவையை முடித்தாள். அரண்மனை வாசலில் அதை வாங்கிக்கொண்ட தலைமைப் பொற்கொல்லர் வச்சிரவேலரோ, தான் செய்ததாகச் சொல்லி ராஜாவிடம் நீட்டிவிட்டார்.

தெக்லாள் அதைக் கேள்விப்பட்டாள். நேரே சபைக்குள் நுழைந்தாள். "மகாராஜா, அது என் கைவேலை. கோயில் கட்ட ஒரு மனை கேட்கத்தான் செய்தேன்."

"மீன் கழுவுகிற கைக்கு வண்ணவேலையா?" என்று சிரித்தார் வச்சிரவேலர்.

"பொய் சொன்னவர் கையை வெட்டுவேன். இப்போதே போய்விடுகிறாயா?" என்றான் ராஜா.

"போகமாட்டேன். செய்தவருக்குப் பொடி தெரியும். ஆறு கிண்ணம் வைக்கிறேன், ஐயா முதலில் எடுக்கட்டும்."

மூன்று கிண்ணங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பொடிகள் பளபளத்தன. மற்ற மூன்றிலும் சாம்பல் போல மங்கிய பொடி. நகை தவிர வேறொன்றும் அறியாத வச்சிரவேலர் பளபளப்பை அள்ளி ஒரு செம்புத் தகட்டில் நிரப்பினார். மங்கியதைத் தெக்லாள் தன் தகட்டில் நிரப்பினாள்.

"பாத்திரம் விளக்கப் போகிறாயா, அம்மா?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தார் அவர்.

இரண்டும் சூளைக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"என்னய்யா, சிலுவை வேலை என்று சொல்லிக் குழம்பைத் தீய்க்கிறீர்?" என்றான் ராஜா.

வச்சிரவேலர் தகட்டில் வெறும் கரி. தெக்லாளுடையதில் சிவப்பும் நீலமும் பச்சையும் சுடர்விட்டன.

"அவர் எடுத்தது குங்குமம், அவுரி நீலம், சமையல் மஞ்சள். கண்ணாடிப் பொடி மங்கலாகத்தான் இருக்கும், மகாராஜா. நிறம் தீயில்தான் பிறக்கும். இந்த வேலை செய்தவருக்கு அது தெரியாமல் போகாது."

வச்சிரவேலர் தலை கவிழ்ந்தது. "மனை உனக்குத்தான்! கொண்டுவா வாளை!" என்று கத்தினான் ராஜா.

"வெட்டாதீர்கள், மகாராஜா," என்றாள் தெக்லாள். "கோயிலுக்கு இன்னும் பன்னிரண்டு சிலுவை செய்யணும். கண்ணாடி அரைக்க எனக்கு ஆள் வேணும்."

கோயிலில் முதல் மணி அடித்த நாள்வரை வச்சிரவேலர் அரைத்தார், இரண்டு கையாலும்.